கணக்கும் நம்பிக்கையும்: முஹர்ரம் பிறக்கையில் சில சிந்தனைகள்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன் ஒரு நாள் கடன் பத்திரம் ஒன்று வைக்கப்பட்டது. தவணை ஷஃபான் மாதம் என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. “எந்த ஷஃபான்? இவ்வாண்டினதா, வரும் ஆண்டினதா?” என்னும் வினா எழுந்தது. பத்திரத்தில் அதற்கு விடை இல்லை. நபித்தோழர்களைக் கூட்டி ஆலோசித்ததன் விளைவாக, ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகவும் முஹர்ரத்தை முதல் மாதமாகவும் கொண்ட ஆண்டுமுறை ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஒருவர் மற்றவருக்குத் தரவேண்டியது என்றைக்குத் தரவேண்டியது என்னும் கேள்வி, நமது ஆண்டுக் கணக்கின் பிறப்போடு பின்னிக் கிடப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

புத்தாண்டு நாளுக்கென மார்க்கம் தனி விழா எதனையும் விதிக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆன்மாவும் தான் நாளைக்கென முற்படுத்தி அனுப்பியது யாதெனக் கவனிக்க வேண்டும் என்பது அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனம் தரும் கட்டளை. இக்கவனிப்பே ‘முஹாசபா’ எனப்படும் தற்கணக்கு ஆய்வாகும். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், நாற்பது நூற்பகுதிகள் கொண்ட தமது ‘இஹ்யா’வில் 38ஆம் பகுதியை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அவர்கள் காட்டும் உவமை வணிகனுடையது. நஃப்ஸ் ஒரு கூட்டாளி. கடமைகள் முதல்; உபரி வழிபாடுகள் இலாபம்; பாவங்கள் நட்டம். கூட்டாளியிடம் முன்னரே நிபந்தனை பேசவேண்டும், இடையில் கண்காணிக்கவேண்டும், முடிவில் கணக்குக் கேட்கவேண்டும். முதலே குறைந்திருக்கையில் இலாபம் பற்றிப் பேசுதல் பொருந்தாது.

சந்திர ஆண்டும் கடைக் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கு, வணிகமும் வேளாண்மையும் தோளோடு தோள் நிற்கும் நிலம். இங்குள்ள முஸ்லிம்களுள் ஏலம் முதலிய மலைவிளைபொருள்களை வாங்கி விற்போரும் உளர்; நெல்லும் தென்னையும் திராட்சையும் பயிரிடுவோரும் உளர். இவ்விரு சாராரும் முஹாசபா செய்யும்போது முதலில் காணவேண்டியது ‘முதல்’ குறைந்திருக்கிறதா என்பதே.

வணிகரின் கடைக்கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜகாத்துக்குரிய ‘ஹவ்ல்’ என்னும் ஆண்டோ சந்திர ஆண்டு. அது 354 அல்லது 355 நாள்களைக் கொண்டது. சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவு. இவ்வேறுபாடு அற்பமெனத் தோன்றலாம். ஹிஜ்ரி 1414 பிறந்தது 1993 ஜூனில். ஹிஜ்ரி 1447 பிறந்ததும் 2025 ஜூனிலேயே. இடைப்பட்ட காலம் கடைக் கணக்கில் 32 ஆண்டுகள். ஹிஜ்ரிக் கணக்கில் 33. மார்ச் இருப்பைப் பார்த்து நாற்பதில் ஒரு பங்கு கொடுத்து வந்த நேர்மையாளர் ஒருவர், தாம் அறியாமலே ஓர் ஆண்டின் ஜகாத்தை முழுவதுமாக ஏழைகளுக்குக் கொடாது விட்டிருப்பார். களவு இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. ஆயினும் ஒருவர் உரிமை மற்றவர் பெட்டியில் தங்கிவிட்டது.

இதற்குத் தீர்வு கடினமன்று. சந்திர நாள் ஒன்றை வரையறுத்துக்கொண்டு அந்நாளின் இருப்பைக் கணக்கிடலாம். அது இயலாதவர் சூரிய ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.577 விழுக்காடு கொடுக்கலாம் என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. பத்து இலட்சம் ரூபாய்க்கு 25,000 ரூபாய் என்பது 25,770 ரூபாய் ஆகும், அவ்வளவே.

அறுவடை நாள்

விளைபொருளுக்கோ ஆண்டு நிறைவு தேவையில்லை. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம், பந்தலில் படரும் தோட்டங்களையும் பந்தலில்லாத் தோட்டங்களையும் முன்னிறுத்தி, விளைச்சலுக்குரிய கடமையை அறுவடை நாளிலேயே செலுத்துமாறு பணிக்கிறது. பந்தலெங்கும் பன்னீர்த் திராட்சை தொங்கும் கம்பத்தாருக்கு இவ்வசனத்தின் காட்சி அயலானதன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சை ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பறிக்கப்படுகிறது. விளைபொருள் எதுவாயினும் உஷ்ர் உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. அவர்தம் மாணவர் இருவரும் அளவையும் நீடித்திருக்கும் தன்மையையும் நிபந்தனையாக்கினர். ஷாஃபிஈ மத்ஹபிலும் கனிகளுள் பேரீச்சையும் திராட்சையும் கடமைக்குரியவை.

மழையாலும் தானே பாயும் ஆற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. உழைத்தும் செலவிட்டும் இறைத்த நீரால் விளைந்ததில் இருபதில் ஒன்று. பெரியாற்று வாய்க்காலும் மோட்டார்க் கிணறும் அருகருகே உள்ள இவ்வூரில் எந்த வயல் எவ்வகை என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். கடைக்கு ஜகாத் கணக்கிடுவோருள்ளும் தோட்டத்திற்கு உஷ்ரை மறந்தோர் பலர்.

மூன்று உழவர்கள்

கணக்கு முடிந்த பின்னரே நம்பிக்கைக்கு இடம். அதனை விளக்குகையில் இமாம் கஸ்ஸாலி அவர்கள் வணிகனை விட்டு உழவனிடம் வருகிறார்கள். நல்ல நிலத்தில் நல்ல விதையிட்டு, உரிய காலத்தில் நீர் பாய்ச்சி, களையெடுத்து, பின் இறையருளை எதிர்பார்ப்பவனின் நிலையே ‘ரஜா’ என்னும் நம்பிக்கை. விதையிட்டும் நீருக்கு வழி தேடாமல் காத்திருப்பவனுடையது வெறும் ஆசை. களர் நிலத்தில் விதையெறிந்துவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பவனுடையதோ ஏமாற்றம்.

இம்மூன்றின் வேறுபாட்டைக் கம்பத்து மண்ணில் விளக்கிக் கூறத் தேவையில்லை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை 1895இல் நிறைவுற்ற அணை தேக்கியது. மலையைக் குடைந்த சுரங்கம் கிழக்கே திருப்பியது. அதன் பின்னரே இங்கு 14,707 ஏக்கரில் இருபோகம் உறுதியாயிற்று. நீர் இருப்பு போதிய ஆண்டுகளில் ஜூன் முதல் நாள் மதகு திறக்கும். நாற்றங்காலை அதற்குமுன் சீர் செய்தவனுக்கே அந்நீர் பயன்படும்.

சமுதாய நம்பிக்கைகளும் இவ்வாறே. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியமைக்குக் காரணம், கல்வி வளரவேண்டும் என்னும் ஆசை மட்டுமன்று. பொருளும் உழைப்பும் முன்கூட்டியே இடப்பட்டமையாகும்.

ஆகவே முஹர்ரம் முதல் பிறை தென்படும் மாலையில் வாழ்த்துரைப்பதற்கு முன் செய்யத்தக்கவை சில உண்டு. சென்ற ஆண்டுகளின் ஜகாத்தில் விடுபட்டதைக் கணக்கிட்டுக் கொடுத்தல்; பறித்து விற்ற திராட்சைக்கும் அறுத்த நெல்லுக்கும் உரிய பங்கை ஒதுக்குதல்; கூலியாளுக்கும் கடன் கொடுத்தவருக்கும் நிலுவையைத் தீர்த்தல். இவற்றை ஒரு தாளில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் வரும் ஆண்டில் இடவிருக்கும் விதையையும் எழுதி வைப்போமாக. விளைச்சலை அருள வல்லவன் அல்லாஹ் ஒருவனே.