எயிற்பட்டினம்

எயிற்பட்டினம் என்பது சங்க காலத்தில் ஓய்மானாட்டின் கடற்கரையில் விளங்கிய துறைமுக நகரம் ஆகும். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்குக் கிழக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ள மரக்காணமே இந்நகரம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கிரேக்க நூலொன்று கூறும் 'சோபட்மா' என்னும் துறைமுகமும் இதுவே என்பது அவர்கள் கருத்து. இவ்வடையாளம் பெரிதும் ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்து நிற்கிறது.

பெயரும் அடையாளமும்

எயில் என்பதற்கு மதில் என்று பொருள். பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இவ்வூரை மதிலின் பெயர் கொண்ட பட்டினம் என்று சுட்டுகிறது. பெயரை நேரே சொல்வதில்லை. 'சோ' என்ற பழஞ்சொல்லுக்கும் அரண், மதில் என்ற பொருள் உண்டு. எனவே சோப்பட்டினம் என்பதும் எயிற்பட்டினம் என்பதும் ஒரே ஊரின் இரு பெயர்கள் என்றும், முன்னதைக் கேட்ட கிரேக்க வணிகர் சோபட்மா என எழுதினர் என்றும் விளக்குவர்.

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயன் கடல் பெரிப்ளசு' கீழைக் கடற்கரைத் துறைமுகங்களைக் கமரா, பொதுகே, சோபட்மா என வரிசையாகக் குறிக்கிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும் கொண்டால், அதற்கு வடக்கே மரக்காணம் வருவது பொருந்துகிறது. கரையோரம் செல்லும் உள்ளூர்க் கலங்களும், மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெருங்கலங்களும், கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் செல்லும் மரக்கலங்களும் இத்துறைகளில் இருந்தன என்று அந்நூல் கூறும். அதாவது, இங்கு நடந்த கடலோட்டம் யவனருடையது மட்டும் அன்று.

சிறுபாணாற்றுப்படையில்

ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய இந்நூல் 269 அடிகளைக் கொண்டது. பரிசில் பெறச் செல்லும் பாணர் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாக அரசனது ஊரை அடைவர். எயிற்பட்டினத்தில் அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள், உறங்கும் ஒட்டகங்களைப் போல் கிடக்கின்றன. நுளையர் மகளிர் அவற்றை விறகாக்குகின்றனர். வருவோருக்குத் தேறலும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும். ஒட்டக உவமை தமிழ்க் கடற்கரைக்குச் சற்று வியப்பானதே. பண்டகசாலைகளையோ சுங்கத்தையோ பாடல் இங்கு விரிக்கவில்லை. காட்டுவது மீனவர் குடியிருப்பையே.

அரசனது ஊரான கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. கிடங்கு என்றால் அகழி. நாட்டின் தலைநகர் அகழியாலும் துறைமுகம் மதிலாலும் பெயர் பெற்றன.

அகழாய்வு

அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடிகளும் இத்தாலியப் பளபளப்பு மட்கலங்களும் கிடைத்ததால், அவ்வூர் உலகறிந்தது. மரக்காணத்திற்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழ்ந்தது 2005-06 இல் தான்.

உப்பும் கழியும்

மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. உப்பளங்கள் பற்றிய செய்திகளும் அவற்றுள் உண்டு. உப்பு விளைச்சல் இன்றும் தொடர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கும்போது அத்தொழில் நின்றுவிடும்.

உரோமின் துறைமுகமான ஒசுத்தியாவும் ஆற்று முகத்தில் உப்பளங்களை உடையதாக இருந்தது. தைபர் ஆற்றின் வண்டல் சேர்ந்ததால் அதன் இடிபாடுகள் இன்று கடலிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே கிடக்கின்றன. மரக்காணம் கடலை இழக்கவில்லை. ஆனால் பழைய துறை எந்த இடத்தில் இருந்தது என்பதைக் காட்டும் கட்டுமானம் எதுவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அருகிலுள்ள கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு, சிறு கலங்கள் ஒதுங்க உதவியிருக்கலாம். அது 2021 இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னையிலிருந்து தெற்கே வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. கால்வாயில் படகுப் போக்குவரத்து இருந்த வரையில் உப்பும் விறகும் அதன் வழியே சென்னைக்குச் சென்றன.