நனைந்த துப்பாக்கியை நம்பலாமா?

தீப்பெட்டியைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் குச்சி பற்றாது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அப்படியானால், ஆற்றைக் கடக்கும் போர்வீரன் ஒருவனின் இடுப்பிலுள்ள கைத்துப்பாக்கி நனைந்துவிட்டால், கரையேறியதும் அது சுடுமா? அவனுடைய உயிரே இந்தக் கேள்வியின் விடையில் தொங்கக்கூடும்.

விடை காண எளிய வழி ஒன்று இருப்பதாகப் பலருக்கும் தோன்றும். துப்பாக்கியை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டால் போயிற்று! சுட்டால் நம்பலாம், சுடாவிட்டால் நம்பக் கூடாது. ஆனால் இந்தச் சோதனை உண்மையில் எதை மெய்ப்பிக்கிறது? இதற்கு விடை சொல்ல இயற்பியல் சிறிதும், நிகழ்தகவுக் கணக்கு சிறிதும் தேவை.

நீருக்குள்ளும் எரியும் மருந்து

பழங்காலத் துப்பாக்கிகளுக்கு நீர் பெரும் பகையாக இருந்தது. அவற்றில் பயன்பட்ட கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 32 கிராம் வெடியுப்பு கரைந்துவிடும். எனவே ஊறிய மருந்தைப் பின்னர் வெயிலில் உலர்த்தினாலும் பழைய கலவை திரும்பாது. உப்பு தனியே, கரி தனியே பிரிந்து நிற்கும். அன்றியும், தீப்பொறி விழும் மருந்துக் கிண்ணம் துப்பாக்கியின் வெளிப்புறத்திலேயே இருந்தது. ஒரு மழை போதும், படைவீரன் துப்பாக்கியை விட்டு ஈட்டிமுனையை நம்ப வேண்டியதுதான்.

1807-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித் என்ற பாதிரியார், தட்டினாலே தீப்பற்றும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பித்தளைக் கூட்டுக்குள் எல்லாவற்றையும் அடைத்த தோட்டா வந்தது. இன்றைய தோட்டாவில் உள்ள புகையற்ற மருந்தின் முக்கியப் பொருள் நைட்ரோ செல்லுலோஸ். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் இதன் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது, வெளிக்காற்று தேவையில்லை. கூட்டின் வாயைக் குண்டு இறுகப் பற்றி அடைத்துக்கொள்கிறது. ஆகவே நன்கு அடைக்கப்பட்ட தோட்டா சிறிது நேரம் நீரில் கிடந்தாலும் வெடிக்கும்; நீருக்கு அடியிலேயேகூட வெடிக்கும்.

ஆகவே தொல்லை பெரும்பாலும் மருந்தில் இல்லை. வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

குழலில் நிற்கும் நீர்

11.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கைத்துப்பாக்கிக் குழலை எடுத்துக்கொள்வோம். குண்டுக்கு முன்னால் 10 சென்டிமீட்டர் நீளக் குழல் இருப்பதாகக் கொண்டால், அதன் கன அளவு சுமார் 10 கன சென்டிமீட்டர். அதில் காற்று இருந்தால் அதன் நிறை 0.012 கிராம்தான். நீர் நிறைந்திருந்தால் 10 கிராம்! குண்டின் நிறையோ ஏறத்தாழ 15 கிராம். அதாவது, 15 கிராமைத் தள்ள வேண்டிய வாயு இப்போது 25 கிராமைத் தள்ள வேண்டும். அதுவும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடிக்குள்! காற்றைப்போல் நீர் நசுங்கி இடம் கொடுக்காது. 100 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில்கூட அதன் பருமன் அரை சதவீதமே குறையும். ஆகவே குழலினுள் அழுத்தம் ஏறுகிறது. சுவர் மெல்லியதாயின் குழல் புடைக்கவோ பிளக்கவோ கூடும்.

‘துப்பாக்கியைக் கவிழ்த்தால் நீர் வடிந்துவிடாதா?’ என்று கேட்கலாம். அது குழலின் விட்டத்தைப் பொறுத்தது. குளிர்பானம் உறிஞ்சும் குழாயில் நீரை நிரப்பி, மேல் நுனியை விரலால் மூடித் தூக்கிப் பாருங்கள். நீர் கீழே விழாது. கீழ் நுனியில் நீரின் பரப்பு இழுவிசை ஒரு மெல்லிய தோல்போல் நின்று, காற்றுக் குமிழி உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் நீரைத் தாங்குகிறது. விட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் இந்தத் தடை நிலைக்காது. எனவே 11.4 மில்லிமீட்டர் குழலில் நீர் எளிதில் வடிகிறது, 5.56 மில்லிமீட்டர் குழலில் அது தங்கிவிடும். வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் ஏந்திய எம்-16 என்ற நீள்துப்பாக்கியின் குழல் 5.56 மில்லிமீட்டர்தான். நனைந்தால் முதலில் குழலை வடித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடமாகவே சொல்லப்பட்டது. முனையைக் கீழே சாய்த்து, பின்பக்க அடைப்பைச் சற்றே இழுத்தால் காற்று உள்ளே புகும், நீர் வடிந்துவிடும். உறிஞ்சுகுழாயின் நுனியிலிருந்து விரலை எடுப்பதும் இதுவும் ஒன்றே.

ஊசிக்கு முன்னால் நிற்கும் நீர்

இரண்டாவது இடம், தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி ஓடும் துளை. விசையை அழுத்தியதும் ஒரு சுருள்வில் ஊசியை முன்னே செலுத்துகிறது. துளையில் நீர் இருந்தால் ஊசி அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், வேகம் குறையும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததால், வேகம் பாதியானால் ஊசியின் அடி கால் பங்காகிவிடும். அந்த அடி மருந்தைப் பற்றவைக்கப் போதாமல் போகலாம். இதனால்தான் ஆஸ்திரிய நாட்டுக் கிளாக் நிறுவனம், ஊசியின் சுருள்வில்லைத் தாங்கும் சிறு கிண்ணங்களில் நீர் வழிந்தோட இடம்விட்ட தனி வகை ஒன்றையும் செய்தது.

இவை உடனே தெரியும் தீங்குகள். எண்ணெய்ப் பூச்சு கழுவப்படுவதும், இடுக்குகளில் துரு பிடிப்பதும் நாள் கழித்தே தெரியும். கடல்நீரானால் இன்னும் கேடு. நீர் உலர்ந்துவிடும், உப்பு உலராது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆறாயிரம் முறை சுட்ட சோதனை

துப்பாக்கிச் சோதனைகளுள் புகழ்பெற்றது, 1911 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் நடந்தது. கோல்ட், சாவேஜ் என்ற இரு நிறுவனங்களின் கைத்துப்பாக்கிகள் போட்டியிட்டன. கோல்ட் துப்பாக்கியை அமைத்தவர் ஜான் பிரௌனிங். ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை சற்றே ஆற விட்டார்கள். ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் இட்டார்கள். மிகவும் சூடேறியபோது நீரில் அமிழ்த்திக் குளிர வைத்ததாகவும் சொல்வார்கள். பின்னர் மணல், சேறு, அமிலத் துரு ஆகிய சோதனைகளும் நடந்தன. 6,000 தோட்டாக்களில் சாவேஜ் 37 முறை தடுமாறியது. கோல்ட் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதே மாதம் 29-ஆம் நாள் அமெரிக்கப் படை அதை ஏற்றது. 1985 வரை அதுவே அப்படையின் கைத்துப்பாக்கியாக இருந்தது.

ஏன் ஆறாயிரம்? ஏழு தோட்டாக்கள் போதாதா?

கணக்கு சொல்வது என்ன?

பத்தில் ஒருமுறை தடுமாறும் மோசமான துப்பாக்கி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு தோட்டா ஒழுங்காகச் சுடும் நிகழ்தகவு 0.9. ஏழும் ஒழுங்காகச் சுடும் நிகழ்தகவு 0.9-ஐ ஏழு முறை பெருக்கினால் வரும் 0.48. அதாவது, இந்த மோசமான துப்பாக்கியும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒருமுறை நம் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்!

இதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரு தவறும் இல்லாமல் பலமுறை சோதித்திருந்தால், 3-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். தவறும் வாய்ப்பு அதற்கு மேல் இராது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 6,000 சோதனை என்றால் 2,000-இல் ஒன்று. 300 சோதனை என்றால் 100-இல் ஒன்று. மிகக் குறைந்த எண்ணிக்கைகளுக்கு இவ்விதி அவ்வளவு சரியாக வராது. ஏழு சோதனைக்கு நேராகக் கணக்கிட்டால் விடை 35 சதவீதம். மூன்றில் ஒருமுறை ஏமாற்றக்கூடிய கருவியைக்கூட அச்சோதனையால் விலக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊறப்போட்டு எடுத்த துப்பாக்கியின் முதல் வெடியிலேயே குழலில் உள்ள நீர் வெளியேறிவிடும். அடுத்த ஆறும் ஏறக்குறைய உலர்ந்த குழலில் சுடப்பட்டவையே. ஆகவே நனைந்த துப்பாக்கியைப் பற்றி நாம் செய்தது ஏழு சோதனைகள் அல்ல. ஒரே ஒரு சோதனைதான்.

அப்படியானால் 300 முறை ஊறப்போடலாமா? போடலாம். ஆனால் முடிவில் நம் கையில் இருப்பது பழைய துப்பாக்கியாக இராது. தேய்ந்து துருவேறிய வேறொன்றாக இருக்கும். நூறு தீக்குச்சிகளும் பற்றுமா என்று அறிய நூறையும் உரசிப் பார்ப்பவனின் நிலைதான் இது. விடை கிடைக்கும், குச்சி மிஞ்சாது.

பொறியியலார் இந்தச் சிக்கலை மாதிரிகளைக் கொண்டு தீர்க்கிறார்கள். ஒரே வகையில் செய்யப்பட்ட பலவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து, கெட்டாலும் கெடட்டும் என்று ஊறவைத்து, சேற்றில் புதைத்து, பலமுறை சுட்டு, தவறுகளை எண்ணுகிறார்கள். அந்த வகையின் நம்பகம் இவ்வாறு தெரியவரும். உயிருக்குத் துணையாக வைத்திருக்கும் துப்பாக்கியை யாரும் ஊறப்போடுவதில்லை. அது தற்செயலாக நனைந்துவிட்டால் செய்ய வேண்டியது சோதனை அல்ல, பராமரிப்பு. தோட்டாக்களை நீக்கி, குழலை வடித்து, தேர்ந்தவரிடம் கொடுத்துப் பிரித்துத் துடைத்து எண்ணெய் இட்டு, புதிய தோட்டாக்களைப் போட வேண்டும்.

துப்பாக்கியைக் கையால் தொடாத நமக்கும் இதில் பாடம் உண்டு. ‘ஐ.பி. 67’ என்று குறித்த கைபேசி, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. அச்சோதனை புதிய மாதிரிகளில், நல்ல நீரில் நடந்தது. நம் சட்டைப்பையில் இரண்டு ஆண்டு கிடந்து, இரண்டு முறை கீழே விழுந்த கைபேசியில் அது நடக்கவில்லை. ‘தாங்குகிறதா பார்ப்போம்’ என்று நண்பர்கள் முன் அதை நீரில் போடுகிறவர், ஒருமுறை தாங்கியதை மட்டுமே காட்டுகிறார். அடுத்த முறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அடைப்பின் ஓரத்தில் இன்று புகுந்த ஒரு துளி நீர், அடுத்த முறையை இன்னும் ஐயத்துக்குரியதாக ஆக்கியிருக்கவும் கூடும்.