எண்களால் இழைத்த சட்டம்

ஒளிப்படத்தைச் சுற்றி மரச்சட்டமோ பொன்முலாம் பூசிய பூவேலைப்பாடோ இருப்பதுபோல் காட்டும் அலங்கார விளிம்புகளை, ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படத்தொகுப்பு மென்பொருள்களைக் கொண்டு எவரும் அமைத்துவிடலாம். திரையில் தெரியும் அச்சட்டத்தில் மரமும் இல்லை, முலாமும் இல்லை. பிக்சல் எனப்படும் படப்புள்ளி ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்கும் 0 முதல் 255 வரையிலான எண்களே உள்ளன. அந்த எண்கள் கனமும் ஆழமும் உடைய பொருளாகக் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால், ஒளி விழும் விதத்தைப் பற்றிய கணக்கும், அவ்வொளியை மனித மூளை புரிந்துகொள்ளும் விதத்தைப் பற்றிய அறிவும் ஒருசேர வேண்டும்.

திறப்பை உண்டாக்கும் நான்காம் எண்

சட்டமும் ஒளிப்படமும் லேயர் எனப்படும் தனித்தனி அடுக்குகளில் வைக்கப்படுகின்றன. மேலடுக்கிலுள்ள சட்டத்தின் நடுப்பகுதி வெட்டி நீக்கப்பட்டதுபோல் தோன்றினாலும், அங்கே புள்ளிகள் இல்லாமற் போவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் நிற எண்கள் மூன்றுடன் நான்காவதாக ஓர் எண் சேர்க்கப்பட்டு, அப்புள்ளி தனக்குக் கீழுள்ளதை எந்த அளவுக்கு மறைக்க வேண்டும் என்பதை அவ்வெண் முடிவுசெய்கிறது. ஆல்ஃபா என்று அழைக்கப்படும் இந்த எண்ணை 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோர் உருவாக்கினர். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைப்பதற்கான முழுமையான கணித விதிகளை லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்டனர்.

அந்த விதிகளுள் மிகுதியாகப் பயன்படுவது எளிய கணக்குதான். சட்டத்தின் ஓரத்திலுள்ள ஒரு புள்ளியின் சிவப்பு அளவு 200 எனவும், அதன் ஆல்ஃபா 0.6 எனவும், கீழுள்ள ஒளிப்படத்தின் சிவப்பு அளவு 100 எனவும் கொண்டால், 200இல் 0.6 பங்கான 120உம் 100இல் எஞ்சிய 0.4 பங்கான 40உம் கூடி, திரையில் 160 என்னும் அளவு தோன்றும். நீள்வட்டத் திறப்பின் விளிம்பு ஒரு புள்ளியின் பாதியை மட்டும் கடந்து செல்லுமிடத்தில் அப்புள்ளியின் ஆல்ஃபாவும் பாதியாக அமைவதால்தான், சதுரப் புள்ளிகளால் ஆன திரையில் வளைகோடுகள் படிக்கட்டுபோல் உடையாமல் வழவழப்பாகத் தெரிகின்றன.

அளவும் அணியும்

அச்சிடுவதற்கான சட்டத்தை அமைப்போர் முதலில் எதிர்கொள்வது விகிதச் சிக்கலாகும். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 1200க்கு 1800 புள்ளிகள் தேவை. அதன் நான்கு பக்கங்களிலும் அரை அங்குலம், அதாவது 150 புள்ளிகள், சட்டத்துக்கென ஒதுக்கினால் திறப்பு 900க்கு 1500 ஆகிவிடுகிறது. 2:3 ஆக இருந்த விகிதம் 3:5 ஆக மாறுவதால், ஒளிப்படத்தின் பக்கங்களைச் சற்று வெட்ட நேரிடும். வெட்ட விரும்பாதவர்கள் மேலும் கீழும் 225 புள்ளிகள் ஒதுக்கினால் திறப்பு 900க்கு 1350 ஆகி, பழைய விகிதம் காக்கப்படும்.

மூலைகளில் அமையும் கொடிக்கருக்குகள் பெசியே வளைகோடுகளால் வரையப்படுகின்றன. கார் உடலின் வளைவுகளை வடிவமைப்பதற்காக ரெனோ நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே 1960களில் பரவலாக்கிய இம்முறையில், இரு முனைப்புள்ளிகளும் வளைவை இழுத்துப் பிடிக்கும் இரு கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் சேர்ந்து ஒரு வளைகோட்டைத் தீர்மானிக்கின்றன. புள்ளிகளின் இருப்பிடம் மட்டுமே சேமிக்கப்படுவதால், கோட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மழுங்குவதில்லை. ஒரு மூலையை வரைந்து இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்பினால் மற்ற மூன்று மூலைகளும் கிடைத்துவிடுகின்றன. மரத்தின் ரேகைகளுக்கோ, கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட இரைச்சல் சார்பு கைகொடுக்கிறது: சீரான வளையங்களை, அடுத்தடுத்த புள்ளிகளில் திடீரென மாறாமல் மெல்ல ஏறியிறங்கும் தற்போக்கு எண்களால் சற்றே கலைத்துவிட்டால், அறுத்த பலகையின் தோற்றம் வந்துவிடும்.

ஒளி வரும் திசை

தட்டையான பட்டையைப் புடைப்பாகக் காட்டும் பணியைப் பெவல் என்னும் சரிவு விளைவு செய்கிறது. மென்பொருள், ஒவ்வொரு புள்ளியும் விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை உயரமாக எண்ணிக்கொண்டு, அவ்வுயரம் மாறும் வேகத்திலிருந்து பரப்பின் சாய்வைக் கணிக்கிறது. ஒரு பரப்பின் மேல் விழும் ஒளி, அப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டுக்கும் ஒளிவரும் திசைக்கும் இடையிலான கோணத்தின் கொசைனுக்கு ஏற்பக் குறையும் என்று யோகான் லாம்பர்ட் 1760இல் கூறிய விதிப்படி, கோணம் 60 பாகையானால் ஒளி பாதியாகும். அதற்கேற்பப் புள்ளிகள் வெளிறவோ கருக்கவோ செய்யப்படுகின்றன.

இக்கணக்குக்குப் பொருள் தருவது பார்ப்பவரின் மூளையாகும். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், மேற்பாதி வெளிறியும் கீழ்ப்பாதி கருத்தும் உள்ள வட்டங்கள் புடைத்தவையாகவும், அவற்றையே தலைகீழாக்கினால் குழிந்தவையாகவும் தோன்றுவதை 1988இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஒளி ஒரே மூலத்திலிருந்து, அதுவும் மேலிருந்து வருவதாக மூளை முன்கூட்டியே கருதிக்கொள்வதே இதற்குக் காரணம். ஜெனிஃபர் சன், பியெட்ரோ பெரோனா ஆகியோர் 1998இல் செய்த ஆய்வு, அந்த ஊகம் சற்று இடப்புறம் சாய்ந்திருப்பதையும் காட்டியது.

எனவே ஒளி இடப்புற மேல்மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், சட்டத்தின் மேற்பட்டையில் வெளிச்சரிவு வெளிறியும் உட்சரிவு கருத்தும் இருக்க வேண்டும். கீழ்ப்பட்டையில் இது நேர்மாறாக வேண்டும். சட்டம் ஒளிப்படத்தின் மேல் வீழ்த்தும் நிழலும் மேல், இடப் பக்கங்களின் உட்புறத்திலேயே விழ வேண்டும். சட்டத்தின் ஆல்ஃபா வடிவத்தையே படியெடுத்துக் கருமையாக்கி, சற்று நகர்த்தி, காஸ் மங்கலாக்கம் என்னும் முறையில் அதன் ஓரங்களைக் கரைத்து இந்நிழல் உண்டாக்கப்படுகிறது. 21க்கு 21 புள்ளிப் பரப்பில் இதை நேரடியாகச் செய்தால் ஒரு புள்ளிக்கு 441 பெருக்கல்கள் வேண்டும். கிடையாக ஒரு முறையும் நெடுக்காக ஒரு முறையும் பிரித்துச் செய்தால் 42 போதும், விளைவும் மாறாது. சரிவுக்கு ஒரு திசையும் நிழலுக்கு வேறொரு திசையுமாக அமைத்துவிட்டால், மூளையின் ஒற்றை ஒளி ஊகம் குலைந்து சட்டம் போலியாகத் தெரியும். எல்லா விளைவுகளுக்கும் பொதுவான ஒளித்திசை என்னும் ஏற்பாடு ஃபோட்டோஷாப்பில் இடம்பெற்றிருப்பது இதனைத் தவிர்ப்பதற்காகவே.

அண்டை நிறம்

சட்டத்தின் நிறம் ஒளிப்படத்தின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். பாரிஸின் கோபலின் நெசவாலையில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரெல், அடுத்தடுத்துள்ள நிறங்கள் ஒன்றின் சாயலை மற்றொன்று மாற்றும் என்பதை 1839இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். பச்சைப் பட்டையை ஒட்டியுள்ள முகம் உள்ளதைவிடச் செம்மை கூடியதாகவும், கரிய பட்டைக்குள் அமைந்த படம் வெளிச்சம் மிகுந்ததாகவும் தோன்றுவது இவ்விதியினாலேயே. சட்டத்துக்கும் படத்துக்கும் இடையே வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பட்டை ஒன்றை விடுவது, அண்டை நிறத்தின் இந்தத் தாக்கத்தைக் குறைக்கிறது.

சேமிக்கும் கோப்பு

முடித்த சட்டத்தைச் சேமிக்கும் வடிவமும் முக்கியமானது. ஜேபெக் கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமில்லாததால், திறப்பு ஒரே நிறத்தால் அடைபட்டுவிடும். கிஃப் கோப்பில் ஒரு புள்ளி முழுவதும் மறைக்கலாம் அல்லது முழுவதும் விடலாம் என்பதால் நிழலின் மென்மை கெடும். 1996இல் தரப்படுத்தப்பட்ட பிஎன்ஜி வடிவம் ஒவ்வொரு புள்ளிக்கும் 256 படிநிலைகளில் ஆல்ஃபாவைக் காப்பதால், பல படங்களுக்குப் பயன்படுத்தும் ஆயத்தச் சட்டங்களுக்கு ஏற்றது. ஆயினும் அதில் அடுக்குகள் ஒன்றாகிவிடுவதால், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி அல்லது கிம்பின் எக்ஸ்சிஎஃப் வடிவில் ஒரு படியைத் தனியே வைத்திருப்பது நல்லது. வலப்புறமிருந்து ஒளி விழும் ஒரு முகத்துக்கு அதே சட்டத்தைப் பொருத்த வேண்டிவரும்போது, சரிவையும் நிழலையும் புதிய திசைக்கு மாற்றியமைக்க அந்தப் படியே உதவும்.