எல்லாப் படத்துக்கும் ஒரே கவிதையா?

மனப்பாடத்தை விரட்டும் கதை விளையாட்டு

தியாகதுருகம்:

10-ம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் ஒரு கேள்வி உண்டு. ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று சொல்லி ஒரு படம் கொடுப்பார்கள். அதற்கு 5 மார்க்.

படத்தில் மரம் இருக்கலாம். மழை இருக்கலாம். வேலைக்குப் போகும் சிறுவன் இருக்கலாம்.

ஆனால் எத்தனையோ பிள்ளைகள் எழுதும் கவிதை மட்டும் ஒன்றேதான்! எந்தப் படம் வந்தாலும் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கவிதையை முன்கூட்டியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள். மரத்துக்கும் அதுதான், மழைக்கும் அதுதான். படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை!

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 35 எடுத்தால்தான் பாஸ். தட்டுத் தடுமாறிப் படிக்கிற பையனுக்கு அந்த 5 மார்க் ஆற்றைக் கடக்கும் பாலம்.

ஆனாலும் ஒரு கேள்வி. இதே பையன் வீட்டில் ஊமையா?

“ஏண்டா இவ்வளவு நேரம்?” என்று அம்மா கேட்கட்டும். பஸ் பஞ்சர், கரும்பு லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது, வழியில் பாம்பு படம் எடுத்தது என்று மூச்சு விடாமல் அடுக்குவான்.

“கதை விடாதேடா!” என்பாள் அம்மா.

அந்தக் கதையைத்தான் நோட்டில் விடச் சொல்ல வேண்டும். நோட்டைக் கண்டதும் அவனுக்கு ஏன் வாய் அடைத்துப் போகிறது?

“எது வேணும்னாலும் எழுது” என்றால் பெரியவர்களுக்கே கை ஓடாது. “இதை வைத்துத்தான் எழுத வேண்டும், இதைத் தொடக் கூடாது” என்று வேலி போடுங்கள். உடனே மனம் சந்து பொந்து தேட ஆரம்பித்துவிடும். நிபந்தனைதான் சாவி!

உதடு ஒட்டக் கூடாது

இது வெளிநாட்டுச் சரக்கு அல்ல. நம் புலவர்கள் ஆடிய ஆட்டம்தான்.

17-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சிவப்பிரகாச சுவாமிகள். நெல்லைச் சீமைக்கு இலக்கணம் படிக்கப் போன அவருக்கு வெள்ளியம்பலத் தம்பிரான் ஒரு சோதனை வைத்தாராம். பாட்டு ‘கு’வில் தொடங்க வேண்டும், ‘கு’வில் முடிய வேண்டும், நடுவே ‘ஊருடையான்’ என்ற சொல் வர வேண்டும். சுவாமிகள் அங்கேயே பாடி முடித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அதோடு விட்டாரா? உதடு ஒட்டாமலே படிக்கும்படி ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’யையும் பாடிவிட்டார்.

இதையே விளையாட்டாக ஆடிப் பாருங்கள். ப, ம வரிசை எழுத்தே வராமல் ஒரு நிமிஷம் பேச வேண்டும். அம்மா என்று சொல்ல முடியாது. அப்பா என்றும் முடியாது. கடைக்காரர் ‘பாக்கி’ கேட்க முடியாது. குமாஸ்தா ‘சம்பளம்’ பற்றி வாயைத் திறக்க முடியாது!

அப்புறம் அம்மாவை எப்படிச் சொல்வது? “என்னைத் தூக்கி வளர்த்தவள்” என்பான் பையன். வேலி போட்டதும் ஒரு புது வழி பிறந்துவிட்டது பாருங்கள்.

இரண்டு சொல் போதும்

இத்தாலியில் கியானி ரொடாரி என்றொரு எழுத்தாளர் இருந்தார். முதலில் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு பத்திரிகைக்காரர். குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருதை 1970-ல் பெற்றவர். கற்பனைக்கும் இலக்கணம் உண்டு என்று 1973-ல் ஒரு புத்தகமே போட்டார்.

அவர் சொன்ன வழி சுலபம். ஒரு பிள்ளை ஒரு சொல் எழுத வேண்டும். அதைப் பார்க்காமல் இன்னொரு பிள்ளை வேறொரு சொல் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கதை கட்ட வேண்டும். அவர் காட்டிய ஜோடி, நாயும் அலமாரியும். சம்பந்தம் இல்லாத சொற்களாக இருப்பதுதான் விசேஷம். சம்பந்தம் உண்டாக்கும் வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது.

நம் ஊருக்கு ஒரு ஜோடி: பீரங்கி, தோசைக்கல்.

குண்டு தீர்ந்துபோன பீரங்கி, மலையை விட்டு இறங்கி வந்து ஆயாவிடம் தோசைக்கல்லைக் கடன் கேட்டால்? “முதல்ல ரெண்டு தோசை சாப்பிடு, அப்புறம் சண்டைக்குப் போ” என்று ஆயா சொன்னால்? மீதியை வீட்டுப் பிள்ளைகள் சொல்லட்டும்.

55 வார்த்தைக்குள் ஒரு கதை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ‘நியூ டைம்ஸ்’ பத்திரிகை ஆசிரியர் ஸ்டீவ் மாஸ், 1987-ல் ஒரு போட்டி வைத்தார். கதை 55 வார்த்தையைத் தாண்டக் கூடாது. இந்த வகைக் கதையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவர் எழுத்தாளர் சுஜாதா.

எப்படி இருக்கும் அது? இதோ சரியாக 55 வார்த்தை:

கடைசி பஸ்ஸில் ஒரு தாத்தா ஏறினார். கையில் கூண்டு. உள்ளே சேவல். “சேவலுக்கும் டிக்கெட் உண்டு” என்றார் கண்டக்டர். தாத்தா எண்ணிப் பார்த்தார். ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்தது. டிக்கெட்டை வாங்கிக் கூண்டில் செருகினார். கீழே இறங்கினார். “எங்கே போறீங்க?” “நடந்து வர்றேன். இதுக்காக ஊர்ல பேத்தி காத்திருக்கா.” கண்டக்டர் தன் பையிலிருந்து காசு எடுத்தார். விசில் அடித்தார். “ஏறுங்க பெரியவரே” என்றார். பஸ் புறப்பட்டது. சேவல் கூவியது. விடிய இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

இதில் தாத்தா எந்த ஊர், என்ன வயசு என்று ஒன்றும் இல்லை. தேவையில்லாததைத் தூக்கி எறியக் கற்றுக் கொடுப்பதுதான் இந்த விளையாட்டின் லாபம். உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறுகிறவர், கள்ளக்குறிச்சி போய் இறங்குவதற்குள் ஒன்று எழுதிவிடலாம்.

தண்ணீர் சுமந்தவன் யார்?

தியாகதுருகத்துக்காரர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. அண்ணாந்து பார்த்தால் மலைக்கோட்டை!

1790-ம் ஆண்டின் இறுதியில் திப்பு சுல்தானின் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்து காத்தவர் கும்பினிப் படையின் கேப்டன் பிளின்ட். அதற்குப் பத்து வருஷம் முந்தி வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியின் படையிடம் விடாமல் காத்தவரும் அவர்தான். தியாகதுருகமும் விழவில்லை. படை திருவண்ணாமலைப் பக்கம் திரும்பியது.

சரித்திரப் புத்தகத்தில் கேப்டன் பேர் இருக்கிறது, சுல்தான் பேர் இருக்கிறது. முற்றுகை நடந்தபோது மலை மேல் தண்ணீர் சுமந்தவன் பேர் என்ன? கஞ்சி காய்ச்சியவள் யார்? கீழே ஊரில் மாட்டை அவிழ்த்து விட்டு ஓடிய குடியானவன் எங்கே ஒளிந்தான்?

அவர்கள் பேர் எழுதப்படவில்லை. ஆனால் இருந்தார்கள். இன்றைக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டனுக்குப் பாட்டனாக இருந்திருக்கவும் கூடும்.

“நீதான் அந்தத் தண்ணீர்க்காரன். இன்றைக்கு என்ன பார்த்தாய்? பத்தே வரி எழுது” என்று சொல்லிப் பாருங்கள். இதற்குக் கைடு கிடையாது. மனப்பாடம் பண்ண வழியே இல்லை!

சிவப்பு மை வேண்டாம்

பெற்றோர் செய்ய வேண்டியது மூன்றுதான்.

ஒன்று: கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். விளையாட்டு வீட்டுப்பாடம் ஆனால் செத்துப்போகும்.

இரண்டு: எழுத்துப் பிழையைச் சுழிக்க அன்றைக்குச் சிவப்பு மை எடுக்கக் கூடாது. பிழை திருத்த வேறு நாள் இருக்கிறது.

மூன்று: பிள்ளை எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். அப்பாவும் ஒன்று எழுதிப் படித்தால் இன்னும் நல்லது.

எழுதியதை அனுப்பவும் இடம் வந்தது. 2022-ல் பள்ளிக் கல்வித் துறை பிள்ளைகளுக்காகவே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இதழ்களைத் தொடங்கி, பிள்ளைகளின் படைப்புகளையும் போட்டது. தன் பேரை அச்சில் பார்த்த பிள்ளை, அடுத்த கதையை யாரும் கேட்காமலே எழுதும்.

“இதனால் 5 மார்க் வருமா?” என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

வரலாம். ஒன்று மட்டும் நிச்சயம். அடுத்த பரீட்சையில் பையன் பேனாவை எடுக்குமுன் படத்தையாவது பார்ப்பான்!