கல்யாணகட்டாவும் கூந்தல் பையும்

திருமலைக் கல்யாணகட்டாவில் கத்திகள் இரவிலும் ஓய்வதில்லை. நீலாதேவி தம் கூந்தலைத் திருமாலுக்கு அளித்தார் என்பது தல மரபு. ஏழு மலைகளுள் நீலாத்திரி அவர் பெயரால் வழங்குகிறது. காணிக்கையாகச் சேரும் முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து மின்னணு ஏலத்தில் விற்கிறது. நீண்ட முடி பெரும்பாலும் அயல்நாட்டில் பொய்முடியாகிறது.

2004ஆம் ஆண்டு மே மாதம் இவ்வணிகம் திடுக்கிட்டு நின்றது. நாம் அப்பொழுது பணிக்குப் புதியவர். மரபு வழுவாத யூத மகளிர் மணமான பின் தலைமுடியை மறைப்பர். பலர் அதற்கெனப் பொய்முடி அணிவர். (முடியை முடியாலேயே மறைப்பது நமக்குச் சற்று வேடிக்கைதான்.) கோயிலில் களைந்த முடி தம் சமய நெறிக்கு ஒவ்வாதென்று எருசலேமின் மூத்த சமய அறிஞர் யோசேப் ஷாலோம் எலியாஷிவ் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விலையுயர்ந்த பொய்முடிகள் தீயிலிடப்பட்டன. மகளிர் பலர் செயற்கை இழைக்கும் 'ஸ்நூட்' என்னும் கூந்தல் பைக்கும் மாறினர்.

பின்னந்தலைக் கூந்தல் முழுவதையும் உள்வாங்கித் தொங்கும் பையே ஸ்நூட். நூலில் பின்னியதும் உண்டு. துணியில் தைத்ததும் உண்டு. நம் நாட்டிய மங்கையரின் கொண்டை வலைக்கு அக்காள் எனலாம். பழைய ஸ்காட்லாந்தில் இச்சொல் மணமாகாப் பெண்கள் தலையில் கட்டிய நாடாவைக் குறித்தது. இன்றோ மணமானவர் அணிவதைக் குறிக்கிறது! இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைப் பெண்கள் கூந்தல் இயந்திரத்தில் சிக்காதிருக்க இதனை அணிந்தனர். இப்போது உணவுத் தொழிற்கூடங்களில் தாடிக்கும் ஸ்நூட் உண்டு.

நம் கிளை வாடிக்கையாளர் ஒருவர் ஏற்றுமதிக்கு முந்தைய கடனில் முடி வாங்கி வைத்திருந்தார். அவருடைய சரக்கெல்லாம் ஒரே வாங்குநருக்குரியது. ஆணை இரத்தாயிற்று. அனுப்பிய சரக்குக்குரிய காப்புறுதி, கிடங்கில் கிடந்த சரக்குக்குக் கைகொடுக்கவில்லை. "ஐயா, இது அழுகும் பொருள் அன்று, காலம் மட்டும் கொடுங்கள்" என்றார். கடன் வழங்கியபோது வாங்குநர் எத்தனை பேர் என்று நாமும் வினவவில்லை. அந்தக் குற்றவுணர்வும் சேர, தவணை நீட்டிக்கப் பரிந்துரைத்தோம். சிறுசிறு கட்டுகளாக வேறு நாடுகளுக்கு விற்று, வட்டியுடன் கணக்கை முடித்தார். இலாபம் ஏதுமில்லை.

2022 சனவரியில் பதப்படுத்தாத முடியின் ஏற்றுமதிக்கு மைய அரசு கட்டுப்பாடு விதித்தபோது அவர் மகன் நம்மிடம் வந்தார். பதப்படுத்தும் கூடம் அமைக்கக் கடன் கேட்டார். நாம் கேட்பதற்கு முன்பே மேசைமேல் வாங்குநர் பட்டியலை வைத்தார். இரண்டு பக்கம் இருந்தது.