மின்னூல் கருவி: எத்தனை அங்குலத் திரை வேண்டும்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு நாள்தோறும் இரயிலில் பணிக்குச் செல்லும் சகோதரி ஒருவர், 6 அங்குலத் திரையுடைய மின்னூல் கருவி ஒன்றை வாங்கினார். நெரிசலில் நின்றவாறே ஒரு கையால் பிடித்துப் படிக்க அது மிகவும் ஏற்றதாயிருந்தது. மகிழ்ந்தவர், விழுப்புரத்தில் வாழும் தம் அத்தாவுக்கும் அதுபோன்ற ஒன்றை வாங்கித் தந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான அத்தா, சீறாப்புராணத்தின் பழைய அச்சுப் பதிப்பைப் படமெடுத்துத் தொகுத்த பி.டி.எஃப். கோப்பினை அதில் திறந்தார். எழுத்துகள் எறும்பு வரிசையாய்த் தெரிந்தன. "எனக்குத்தான் கண் மங்கிவிட்டதம்மா" என்று கூறி, கருவியை அலமாரியில் வைத்துவிட்டார்.

குறை அவருடைய கண்ணில் இல்லை. திரையின் அங்குலக் கணக்கு, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை குறுக்காக அளப்பதாகும். 6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ.; உயரம் 12 செ.மீ. ஏ4 தாளோ 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. உயரமும் உடையது. அத்தகைய முழுப் பக்கத்தைச் சிறிய திரையில் அடக்கினால், 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கினாலோ, ஒவ்வொரு வரியையும் இடமும் வலமுமாக நகர்த்திப் படிக்க நேரும்.

ஆகவே, விலையைக் கேட்கும் முன்னர் எதைப் படிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்தல் வேண்டும். இபப் வகைக் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கி அமையும். அதற்கு 6 அல்லது 7 அங்குலம் போதும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், 6 அங்குலத் திரைக்கென்றே தனிப் பி.டி.எஃப். கோப்புகளையும் வெளியிட்டுள்ளது. படமெடுத்த பழைய நூல்களுக்கும் பாடப் பக்கங்களுக்கும் 10 அங்குலமே உகந்தது. எனினும் எடையையும் எண்ண வேண்டும். 2022இல் வெளிவந்த 6 அங்குலக் கிண்டில் 158 கிராம். அதே ஆண்டின் 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். பின்னதை நின்றுகொண்டு நெடுநேரம் ஏந்துதல் கடினம்.

வாங்குமுன் எளிய சோதனை ஒன்று உண்டு. தாங்கள் படிக்க விரும்பும் நூலின் ஏ4 பக்கமொன்றை ஜெராக்ஸ் கடையில் 40 விழுக்காடாகவும் 70 விழுக்காடாகவும் சுருக்கிப் பிரதி எடுங்கள். முன்னது 6 அங்குலத் திரைக்கும், பின்னது 10 அங்குலத் திரைக்கும் ஏறத்தாழ ஒப்பாகும். படிப்பவரிடமே இரண்டையும் கொடுங்கள்.

அந்தச் சகோதரியும் அவ்வாறே செய்தார். முதல் தாளைத் தள்ளி வைத்த அத்தா, இரண்டாம் தாளைக் கடைசி வரி வரை தடையின்றிப் படித்து முடித்தார்.