அப்பா போனுக்கு வரும் ‘கிசான்’ லிங்க்: பிரவுசரை அப்டேட் செய்தால் போதுமா?

டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் விவசாயியின் வங்கிக் கணக்கில் நேராக வந்து விழுகிறது. அந்தக் கணக்கோடு இணைந்த போனுக்கே இன்னொன்றும் வருகிறது: “பிஎம் கிசான் தவணை நிறுத்தப்பட்டது, உடனே கேஒய்சி செய்யவும்” என்று ஒரு லிங்க்.

ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் இந்தத் திட்டத்துக்கு இ-கேஒய்சி உண்மையிலேயே கட்டாயம். அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். கிசான் பெயரில் வரும் போலி செயலி பற்றி 2024-ல் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே எச்சரித்தது.

பிரவுசர் அப்டேட் எதற்கு?

வரப்பில் நண்டு வளை போட்டால் என்ன ஆகும்? ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் வடிந்துவிடும். பிரவுசரில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டையும் அப்படித்தான். சில ஓட்டைகள் வழியாக, நீங்கள் எதையும் டவுன்லோடு செய்யாமலே, பக்கத்தைத் திறந்த உடனே தாக்க முடியும்.

குரோம் பிரவுசரின் மூல நிரல் பெரும்பாலும் பொதுவெளியில் இருக்கிறது. ஒரு ஓட்டையை அடைத்ததும், ‘ஓட்டை இங்கேதான் இருந்தது’ என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். அப்டேட் செய்யாத போன்களைத் தேடி அவன் வருவான். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்ட் முதல் குரோம் வாரம் ஒருமுறை பாதுகாப்பு அப்டேட் தருகிறது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது ஏன் ஆபத்து என்று இப்போது புரிகிறதா?

அப்டேட் செய்தாச்சு, இனி கவலை இல்லையா?

இருக்கிறது. நண்டு வளையை அடைத்துவிட்டு நாமே மடையைத் திறந்துவிட்டால்? போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் நாமே டைப் செய்வது அப்படித்தான்.

இதற்காகத்தான் பிரவுசரில் ‘சேஃப் பிரவுசிங்’ இருக்கிறது. ஆபத்தானவை என்று தெரிந்த தளங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, சிவப்புத் திரையில் எச்சரிக்கும். ஆனால் காலையில் தொடங்கி மாலையில் மூடிவிடும் போலித் தளம் பட்டியலில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடும். எச்சரிக்கை வரவில்லை என்பதால் தளம் நல்லது என்று ஆகிவிடாது.

பூட்டுச் சின்னத்தையும் நம்பாதீங்க. தகவல் வழியில் திருடு போகாது என்பதுதான் அதன் அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது.

முகவரியை எப்படிப் படிப்பது?

கடைசிப் பகுதியைப் பாருங்கள். மத்திய, மாநில அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடியும். புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டு ‘கிசான்-கவ் டாட் இன்’ என்று இருந்தால் அது வேறு ஆள். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கண்டவரெல்லாம் அந்த முகவரியை வாங்க முடியாது.

இந்த வாரம் ஊருக்குப் போனால்

* அம்மா, அப்பா போனில் பிளே ஸ்டோர் திறந்து குரோம், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ இரண்டையும் அப்டேட் செய்யுங்கள். பல செயலிகள் தங்களுக்குள்ளேயே பக்கங்களைத் திறப்பது வெப்வியூ மூலம்தான். ஐபோனில் சஃபாரி அப்டேட் ஐஓஎஸ் அப்டேட்டோடு வரும்.
* குரோம் செட்டிங்ஸில் சேஃப் பிரவுசிங்கை ‘என்ஹான்ஸ்டு’ நிலைக்கு மாற்றுங்கள்.
* வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் கணினிக்குள்ளேயே 2018-ல் ஊடுருவி, ஸ்விஃப்ட் வழியாக மூன்று முறை வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப்பட்டது. அதில் துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. நமக்கும் அந்த வேகம்தான் முக்கியம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் 1930-க்கு போன் போடுங்க, வங்கிக்கும் சொல்லுங்க. அந்த எண்ணை இன்றே அப்பா போனில் சேவ் செய்துவிடுங்கள்.